ஏ ஷிப்ட் முடிந்த சனிக்கிழமை

ஒரகடம் கூட்டுரோட்டில் அன்றைக்கு ஒரு சின்ன யானை வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்பக்கத் தட்டியை இறக்கி, சாக்கு விரித்து, பலாப்பழத்தை வகிர்ந்து வைத்திருந்தான் ஒரு பையன். பஸ்ஸுக்கு நின்ற எனக்குப் பழம் கண்ணில் படுவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. கன்டெய்னர் லாரிப் புகை, ரோட்டுப் புழுதி, டீக்கடை வடைச்சட்டி எல்லாவற்றையும் தாண்டி வந்தது.

"எந்த ஊர்ப் பழம் தம்பி?"

"ஜவ்வாது மலைண்ணே."

பலா என்றால் எந்த வியாபாரியும் யோசிக்காமல் பண்ருட்டி என்பான். (ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பண்ருட்டி உண்டு. அது வேறு. அங்கே இப்போது விளைவதெல்லாம் வண்டி உதிரிபாகம்.) இவன் மலையின் பெயரைச் சொன்னதால் நம்பி வாங்கினேன். சுளையை மென்றுகொண்டே பஸ் ஏறி உட்கார்ந்தேன். படப்பை வருவதற்குள் மொட்டை மாடியில் பாய் விரித்துக் கிடந்த அத்தனை பேரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நாங்கள் அப்போது குடியிருந்தது ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு லைன் வீடு. ஏழடி உயர முருகனைப் பார்க்க கிருத்திகை அன்று கூட்டம் அள்ளும். மற்ற நாட்களில் அந்தப் பாதையில் போனதெல்லாம் கம்பெனி பஸ்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்ததில் தொடங்கிய கதை, எங்கள் காலத்தில் ஒரகடம் வரை வந்து சேர்ந்திருந்தது. 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, அதற்கடுத்த வருஷம் புல்லட். பெரிய கம்பெனி ஒன்று வந்தால் அதற்கு சீட், கண்ணாடி, பிரேக், ஒயர் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனிகள் பின்னாலேயே வரும். அவற்றுக்கு ஆள் வேண்டும். டிப்ளமோ, ஐடிஐ முடித்த பையன்கள் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஒரு டிராவல் பேக், ஒரு பக்கெட், சர்டிபிகேட் ஃபைல் சகிதம் வந்து இறங்கினோம்.

யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஊர்ப் பெயர்தான். நான் மன்னார்குடி. பிரஸ் ஷாப்பில் இருந்தவன் ஆலங்காயம். மெஷின் ஷாப்பில் தென்காசி. ஸ்டோர்ஸில் கணக்கு எழுதியவன் பரமக்குடி. நாலு பேரும் வேறு வேறு கம்பெனி, ஒரே ரூம், ஒரே மண்ணெண்ணெய் ஸ்டவ். ஒரு பரமக்குடி காலி செய்துகொண்டு போனால் வேறு பரமக்குடி வருவான், பெயர் மட்டும் மாறாது என்று எங்கள் வீட்டு ஓனர் சொல்வார்.

அந்த ஓனரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுபது வயது இருக்கும். நாங்கள் ஐயா என்போம். லைன் வீடு நின்ற இடம் ஒரு காலத்தில் அவருடைய களத்துமேடு. நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்கு எடுக்கப்பட்டுப் போனது, மீதியை அவரே விற்றார். வந்த காசில் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு ஒரு டெம்போ, மிச்சத்துக்கு ஷீட் போட்ட பத்து ரூம். எங்கள் வாடகையில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அதன் அர்த்தம் அவர் வாயிலிருந்துதான் தெரிந்தது. பிள்ளைப்பாக்கம் ஏரி எந்த மாதம் கலங்கல் தாண்டும், சொர்ணவாரிக்கு எது வரை தண்ணீர் நிற்கும், நவரைக்கு எந்த நெல் போடலாம், சம்பாவில் எங்கே பூச்சி விழும் என்று கம்பெனி மதில்களைக் கைகாட்டிக்கொண்டே சொல்வார். அவர் கை காட்டுகிற இடத்தில் எங்களுக்குத் தெரிவது சோடியம் விளக்கும் செக்யூரிட்டி கூண்டும்தான்.

ஊர் சுற்றப் போகும் திட்டம் உருவானதற்கு மின்வெட்டைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும். ஆலைகளுக்கே மின்விடுமுறை விட்டிருந்த காலம். ஷீட் போட்ட ரூமில் ஃபேன் நின்றால் உயிர் தங்காது. லைன் வீட்டுக்கு முன்னால் ஓனர் வீடு மட்டும் கான்கிரீட். அந்த மாடிக்கு எல்லோரும் பாயோடு ஏறிவிடுவோம். சி ஷிப்ட் போனவர்கள் தவிர மீதிப் பேர் மாடியில். கரண்ட் வரும்வரை தூக்கம் வராது. செல்போனில் சார்ஜ் இருக்காது. பேச்சுதான்.

அப்படி ஒரு ராத்திரி ஆலங்காயம் சொன்னான். "எங்கூருக்கு வாங்கடா. ஜவ்வாது மலை அடிவாரம். எங்கம்மா களி கிண்டும். பலா காய்ச்சிருக்குது. சும்மா ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்."

சும்மா ரெண்டு நாள் என்று அவன் சுலபமாகச் சொல்லிவிட்டான். எங்களில் யாருக்கும் அது என்னவென்று பழக்கமில்லை. லீவு என்றால் ஊர். பொங்கலுக்கு ஊர், தீபாவளிக்கு ஊர், அக்கா பிள்ளைக்குக் காது குத்து என்றால் ஊர். லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போகாமல் வேறு ஊருக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "ஏம்ப்பா, இங்க யாரு மேலயும் கோவமா?" என்றாள். தென்காசியின் அப்பா அதைவிட ஒரு படி மேலே போய், பையன் அங்கே எவளையோ பார்த்து வைத்திருக்கிறான் என்றே முடிவு கட்டி, ஓனர் நம்பருக்குப் போன் போட்டு விசாரித்தார்.

ஆலங்காயத்துக்கே போவது என்று உடனே முடிவாகிவிடவும் இல்லை. பேச ஆரம்பித்தால் எல்லா ஊரும் வந்தது. ஊட்டி என்றான் ஒருவன், குளிருக்கு சொட்டர் யார் வாங்கித் தருவது என்றான் பரமக்குடி. பாண்டிச்சேரி என்ற பேச்சு வந்ததும் இரண்டு பேர் முகத்தில் மட்டும் வெளிச்சம் வந்தது, காரணம் எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே அடிபட்டுப் போனது. ஏலகிரிக்கு வலுவான ஆதரவு இருந்தது. பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள், மேலே போனால் புங்கனூர் ஏரியில் படகு. ஆனால் அங்கே ரூம் வாடகை கொடுக்க வேண்டும். ஓனர் மட்டும் வேடந்தாங்கலை விடவில்லை. பட்டாசு வெடித்தால் பறவை போய்விடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர், வெள்ளைக்காரன் காலத்திலேயே 1798-ல் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கிய ஊர், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எதற்கு மலை மலை என்று அலைகிறீர்கள் என்பார். பறவை நவம்பரில்தானே வரும் ஐயா என்றால், "அதுவரைக்கும் நீங்க இங்கதானேப்பா இருக்கப் போறீங்க" என்பார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் டிரெய்னி, மீதிப் பேர் கான்டிராக்ட்.

இடம் ஒரு வழியாக முடிவான பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பமானது. எப்போது?

வெளியில் இருக்கிறவர்களுக்கு இது புரிய வேண்டுமென்றால் ஷிப்ட் கணக்கு தெரிய வேண்டும். ஏ ஷிப்ட் காலை ஆறு முதல் மதியம் இரண்டு. பி ஷிப்ட் இரண்டு முதல் ராத்திரி பத்து. சி ஷிப்ட் பத்து முதல் காலை ஆறு. வாரத்துக்கு ஒருமுறை ஏ, பி, சி என்று சுற்றும். சி ஷிப்ட் முடிந்து ஞாயிறு காலை ஆறுக்கு வெளியே வந்தால் திங்கள் காலை ஆறுக்கு ஏ ஷிப்டில் நிற்க வேண்டும். அந்த ஒரு நாள் தூங்குவதற்கே போதாது. பி ஷிப்ட் முடித்தால் கணக்குப்படி இரண்டு முழு நாள் உண்டு, ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாலாஜாபாத் போக பஸ் ஏது? அலைந்துவிட்டு வந்த களைப்போடு சி ஷிப்டில் இறங்கினால் பிரஸ்ஸுக்குள் தகடு போவதற்குப் பதில் கை போகும். ஆக, ஏ ஷிப்ட் முடிகிற சனிக்கிழமை மதியம்தான் வாசல். அன்று இரண்டு மணிக்கு இறங்கினால் திங்கள் இரண்டு மணிக்குத் திரும்பினால் போதும்.

இந்த வாசல் ஆளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திறக்கும். நாலு பேருக்கும் சேர்ந்து திறக்க வேண்டும். அதுவும் ஏழாம் தேதிக்கு மேல் இருக்க வேண்டும், சம்பளம் அன்றைக்குத்தான். இருபதாம் தேதிக்குள்ளும் இருக்க வேண்டும், அதற்கு மேல் மாதக் கடைசி டிஸ்பாட்ச் என்று ஞாயிற்றுக்கிழமையும் உள்ளே இழுத்துவிடுவார்கள். ஞாயிறு ஓவர்டைம் என்றால் சட்டப்படி இரட்டைச் சம்பளம். அதை விட்டுவிட்டு மலை பார்க்கப் போவது என்பது கான்டிராக்டில் இருந்த ஆலங்காயத்துக்குத் தன் கையால் காசைக் கிழிப்பது.

பரமக்குடி ஒரு முருகன் காலண்டரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நாலு பேருக்கும் நாலு வரிசை கட்டம் போட்டான். ஸ்டோர்ஸில் பின் கார்டு எழுதுகிற அதே நறுக்கான எழுத்து. கீழே செலவுக் கணக்கு. பஸ், சாப்பாடு, ஆலங்காயம் வீட்டுக்குப் பழம் ஸ்வீட், அவசரத்துக்கு. மாதம் ஆளுக்கு இருநூறு ரூபாய் அவனிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவன் பெயர் எதிரே சின்னதாக ஒரு காக்கா படம் வரைந்து வைப்பான். என் பெயருக்கு எதிரே ஒரு காலத்தில் நிறையக் காக்கா இருந்தது.

மாதங்கள் போயின. ஒரு கட்டம் பொருந்தி வந்தபோது தென்காசியின் கம்பெனியில் ஆடிட். இன்னொன்று பொருந்தியபோது பரமக்குடியின் பாட்டி இறந்துபோனாள். தள்ளிப் போகிற ஒவ்வொரு தடவையும் திட்டம் கூடுதலாக ஊறியது. எந்த பஸ், எந்த ஜன்னல், ஆம்பூரில் எந்தக் கடையில் பிரியாணி, ஆலங்காயத்தின் அம்மாவுக்குப் புடவை வாங்குவதா வேண்டாமா, கிணற்றில் நீச்சல் தெரியாத எனக்கு டியூப் எங்கே கிடைக்கும் என்று மாடியில் பேசாத விஷயம் கிடையாது. பி ஷிப்ட் முடித்து வந்து குளித்துவிட்டு மேலே ஏறினால், "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்றுதான் கேட்பேன். "வாணியம்பாடி தாண்டிட்டோம்" என்பார்கள். நான் அங்கிருந்து சேர்ந்துகொள்வேன்.

இன்றைக்குப் பிள்ளைகள் செல்போனைத் தடவி, சாப்பாடு வருவதற்குள் ரூமும் வண்டியும் பதிவு செய்துவிடுகிறார்கள். நல்ல வசதி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலண்டர் எங்களுக்குத் தந்த மலை பெரியது. அதன் உயரம் மாதாமாதம் வளர்ந்தது.

கடைசியில் ஓர் ஆனி மாதத்தில் கட்டங்கள் பொருந்தின. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி ஓனர் மாடிக்கு வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். அவருக்கு எங்கள் வழித்தடம் எங்களைவிட நன்றாகத் தெரியும், அவ்வளவு ராத்திரி கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க கழனி கீதா?" என்று ஆலங்காயத்திடம் கேட்டார். "இருக்குதுங்கய்யா. கிணத்துப் பாசனம். கேவுரு போட்டிருக்காங்க."

"அப்ப நானும் வர்ரேம்பா."

திருப்பதி, வல்லக்கோட்டை, பெண் கொடுத்த உத்திரமேரூர் தவிர வேறு எங்கும் போகாத மனிதர். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பையன்கள் கூட்டத்தில் பெரியவர் வந்தால் பீடி சிகரெட்டிலிருந்து பேச்சு வரை கட்டுப்படும். ஆனால் வாடகை பாக்கி வைத்திருப்பவன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? பரமக்குடி மட்டும் தொழில் தர்மத்தை விடாமல், "ஐயா, உங்க பங்கு இருநூறு வீதம் சேரணும்" என்றான். மறுநாள் வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து யூனிஃபாரத்தோடு இறங்கி, கூட்டுரோட்டிலேயே சட்டை மாற்றி, வாலாஜாபாத், காஞ்சிபுரம், வேலூர் என்று மாறி மாறிப் போனோம். ஆம்பூரில் இறங்கி சீரக சம்பா பிரியாணி சாப்பிட்டோம். திட்டத்தில் இருந்த ஒரே ஆடம்பரம் அது. கூடவே வைத்த கத்தரிக்காயை ஐயா மூன்று முறை கேட்டு வாங்கினார். வாணியம்பாடியில் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஆலங்காயம் போய்ச் சேர்ந்தபோது ஊர் அடங்கிவிட்டது. அவன் அம்மா திண்ணையில் விழித்திருந்தாள். "இன்னா கண்ணு, இம்மா நேரமா?" என்று எல்லோரையும் ஒரே குரலில் கேட்டாள்.

காலை ஐந்து மணிக்கு அலாரம் இல்லாமலே நாலு பேருக்கும் விழிப்பு வந்துவிட்டது. ஏ ஷிப்ட் உடம்பு. எழுந்து திண்ணையில் உட்கார்ந்தோம். எதிரே மலை, இருட்டிலிருந்து மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது. காபி வந்தது. குடித்தோம். அப்புறம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

கிராமத்தில் காலையில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு அதுவரை நடந்ததில்லை. மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில், லீவில் போய் இறங்கிய மறுநாளே ஏதாவது காத்திருக்கும். குறுவைக்கு நாற்று பறிக்க வேண்டும், மடை பார்க்க வேண்டும், கூட்டுறவு சங்கத்தில் உரத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்டுக்கு வைக்கோல் ஏற்ற வேண்டும். தென்காசிக்கும் அதே கதை. அதனால் மோட்டார் கொட்டகைப் பக்கம் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் எழுந்து கைலியை மடித்துக் கட்டிவிட்டோம். மூணு பேஸ் கரண்ட் அந்த நேரத்தில்தான் வரும், போவதற்குள் பாய்ச்சியாக வேண்டும். ஆலங்காயத்தின் அப்பா எங்களைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். "நீங்க குந்துங்கப்பா. வெருந்தாளிங்க." உட்கார்ந்தோம். எனக்குச் சொந்தமில்லாத வேலையை வேறொருவர் செய்ய, நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அரை மணி நேரம் கூச்சமாக இருந்தது. அப்புறம், சொல்வதற்கென்ன, ரொம்ப சுகமாக இருந்தது.

ஐயாவைக் காணோம். பாயில் இல்லை, கொல்லையில் இல்லை. பரமக்குடிதான் கண்டுபிடித்தான். கேழ்வரகுக் கொல்லையில், சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை ஒரே வெட்டில் திறந்து, எடுத்த மண்ணை அடுத்ததில் அறைந்து அடைத்து, குதிகாலால் ஒரு மிதி. நிமிராமல் அடுத்த பாத்தி. ஆலங்காயத்தின் அப்பா கொட்டகையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்திருந்தார். அவருக்குச் செய்ய வேலையில்லாமல் போயிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு நடந்த மாதிரி தெரியவில்லை. கரண்ட் போகும்வரை ஐயா கொல்லையை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது முழங்கால் வரை சேறு. "எவ்ளோ வருஷமாச்சு" என்றோ "என் நிலம்" என்றோ எதுவும் சொல்லவில்லை. "தண்ணி கொஞ்சம் உப்பு" என்று மட்டும் ஆலங்காயத்தின் அப்பாவிடம் சொன்னார். இருவரும் அதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள்.

மதியம் பலா வெட்டினார்கள். கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவி, குறுக்கே வகிர்ந்து, நடுத்தண்டைச் சீவி எறிந்துவிட்டு, சடையை விலக்கிச் சுளையைப் பிதுக்கி எடுக்க வேண்டும். எண்ணெய் தடவ மறந்தால் பால் ஒட்டிக்கொண்டு விடாது. தென்காசி மறந்தான். அவன் கையில் ஒட்டிய பாலை மண்ணெண்ணெய், சாம்பல், தேங்காயெண்ணெய் என்று எதுவும் அசைக்கவில்லை. கடைசியில் ஆலங்காயம் தன் பைக்குள் கைவிட்டு ஒரு பிடி காட்டன் வேஸ்ட்டை எடுத்தான். பிரஸ் ஷாப்பில் டை துடைக்கிற நூல் கழிவு, பாதி சுத்தம், பாதி கிரீஸ். எதற்கு இதை இங்கே தூக்கி வந்தாய் என்று சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. "எல்லாத்துக்கும் ஆவும்டா" என்றான். ஆகத்தான் செய்தது.

அப்புறம் மலை. காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிற பஸ். தென்காசி இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே காவலூருக்காகத்தான். சனி கிரகத்தின் வளையத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவனுக்குப் பள்ளிக்கூடத்து ஆசை. பீமன் அருவியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "குத்தாலத்துக்காரங்கிட்ட அருவியக் காட்டப் போறியால?" என்று அடக்கிவிடுவான். நாங்கள் போன மாதத்தில் அருவியில் தண்ணீரும் இல்லை, அது அவனுக்கு வசதியாகிவிட்டது.

காவலூரில் தொலைநோக்கி வைத்ததற்குக் காரணம் உண்டு. நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தில் இருப்பதால் வடக்கு வானத்தோடு தெற்கு வானமும் நிறையத் தெரியும். நகர வெளிச்சம் எட்டாத காடு. வைணு பாப்பு என்ற விஞ்ஞானி அறுபதுகளில் தேடிப் பிடித்த இடம். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977-ல் கண்டவர்களில் இந்த மலையில் இருந்தவர்களும் சேர்த்தி. பெரிய தொலைநோக்கி, 2.3 மீட்டர் குறுக்களவு, அது முடிவதற்குள் 1982-ல் பாப்பு இறந்துபோனார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். இதெல்லாம் தென்காசி பஸ்ஸில் எங்களுக்கு எடுத்த பாடம். மரங்களுக்கு மேலே வெள்ளைக் கும்மட்டம் தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டான்.

வாசலில் காவலாளி சொன்னார்: "சனிக்கிழமைதாம்பா உள்ள விடுவாங்க."

மாதக்கணக்கில் கட்டம் போட்ட பரமக்குடியின் காலண்டரில் இது ஒன்றுக்குத்தான் கட்டம் இல்லை. வானத்துக்கும் ஒரு வாராந்திர லீவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை மதியம் இரண்டு மணிவரை பிரேக் டிரம் கடைந்துகொண்டிருந்தவன் சனிக்கிழமை சாயங்காலம் காவலூரில் நிற்க வழியே கிடையாது. லீவு போட்டால் ஒழிய அவன் வாழ்க்கையில் அந்தக் கதவு திறக்காது. தென்காசி கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு டீ குடிக்கப் போனோம்.

அந்த டீக்கடையில்தான் கூட வந்த ஆலங்காயத்தின் அப்பா ஒரு விஷயம் சொன்னார். இந்தத் தொலைநோக்கியைத் திறந்து வைக்க ராஜீவ் காந்தி வந்திருந்தாராம். 1986, ஜனவரி மாதம். கூட்டத்தோடு கூட்டமாக மலையேறிப் போய்ப் பார்த்தாராம். "நல்ல செவப்பு. சால்வை போத்தியிருந்தாரு. கையக் கூப்பிக்கிட்டே போனாரு." டீயை ஆற்றிக்கொண்டே எங்கள் ஐயாவைப் பார்த்துக் கேட்டார். "உங்க ஊர்லதான இல்ல அவர?"

ஐயா தலையாட்டினார். ராஜீவ் கொல்லப்பட்ட 1991 மே 21 ராத்திரி, மாட்டுக்குத் தவிடு வாங்க ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தவர், கூட்டம் பார்க்கலாம் என்று நினைத்து, மாடு பசித்திருக்குமே என்று திரும்பி வந்துவிட்டாராம். இத்தனை மாதம் மாடியில் பேசியதில் இதை அவர் சொன்னதே இல்லை. ராமானுஜர் பிறந்த ஊர் என்றுதான் எப்போதும் சொல்வார். இரண்டு பெரியவர்களும் அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. உப்புத் தண்ணீருக்கு எந்தப் பயிர் தாங்கும் என்பதற்குப் போய்விட்டார்கள்.

ஜமுனாமரத்தூரில் சாமை அரிசியும் தேனும் வாங்கினோம். திங்கள் விடியற்காலையில் கிளம்பி, பஸ் பஸ்ஸாகத் தூங்கி, பி ஷிப்டுக்கு நேரத்தில் கார்டு தேய்த்தோம். சாமையைச் சமைக்கத் தெரியாமல் குழைத்துக் கஞ்சியாக்கிக் குடித்தோம்.

அதற்கப்புறம் நாலு பேரும் சேர்ந்து எங்கும் போகவில்லை. பரமக்குடி குவைத்துக்குப் போனான். தென்காசி புனேயில். ஆலங்காயம் இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாக வந்த ஓர் ஆலையில் இருக்கிறான், வாரம் தவறாமல் வீட்டுக்குப் போகிறான். அவன் ஊர் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் மாவட்டத்துக்கு மாறிவிட்டது. ஐயா காலமாகிவிட்டார். சாகும்வரை ஆடி பிறந்தால் ஆலங்காயத்து அப்பாவுக்குப் போன் போட்டு, கேவுரு எப்படி என்று விசாரிப்பார் என்று அவர் பையன் சொன்னான். டெம்போ ஓட்டிய அதே பையன்தான் இப்போது ரூம்களுக்கு மேல் இன்னொரு மாடி எழுப்பி, வடநாட்டுப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். இப்போது கரண்ட் போவதும் இல்லை, மாடியில் யாரும் படுப்பதும் இல்லை. தண்ணீர் டேங்கும் டிஷ் ஆண்டெனாவும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டன.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்கென்று ஒரு தங்கும் விடுதி திறந்தார்கள். 18,720 பேர் தங்கலாம். சாயங்காலம் அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஜன்னலாகத் துணி காய்வது தெரியும். எங்கள் ரூமில் நாலு ஊர் இருந்தது, அங்கே தமிழ்நாடே இருக்கும். அவர்கள் எந்த ஷிப்டில் உட்கார்ந்து எந்த மலைக்குத் திட்டம் போடுகிறார்களோ. அம்மாவிடம் என்ன சொல்லி அனுமதி வாங்குகிறார்களோ. எங்களுக்கு இருந்ததைவிட அந்தக் கணக்கு கடினமாகத்தான் இருக்கும்.

எனக்கு இப்போது லைனில் ஷிப்ட் போடுகிற வேலை. நேற்று ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் டிரெய்னி ஒருவன் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு வந்து நின்றான். ஆறு மாதத்தில் தமிழ் நன்றாகவே வந்துவிட்டது.

"அண்ணா, மண்டே லீவு வேணும். ஃப்ரெண்ட்ஸ் கூட ஏலகிரி போறோம்."

"இந்த வாரம் நீ எந்த ஷிப்ட்?"

"சி ஷிப்ட் அண்ணா."

நான் பேனாவை எடுத்து, பழைய செக்‌ஷீட் ஒன்றைத் திருப்பிப் போட்டு, கட்டம் வரைய ஆரம்பித்தேன். சி முடித்துப் போனால் ஞாயிறு முழுக்கத் தூக்கத்தில் போய்விடும், மலை கண்ணுக்கே தெரியாது. ஒரு வாரம் பொறுத்தால் ஏ ஷிப்ட் வரும், சனிக்கிழமை இரண்டு மணிக்கு இறங்கலாம், லீவே தேவைப்படாது, சம்பளமும் பிடிக்க மாட்டார்கள். ஆம்பூரில் இறங்கி பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அவன் மரியாதைக்காக முழுவதும் கேட்டுக்கொண்டான். பிறகு செல்போனைத் திருப்பிக் காட்டினான்.

"ரூம் புக் பண்ணியாச்சு அண்ணா. கேன்சல் பண்ணா காசு வராது."

எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். லீவு லெட்டரை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.